குழி வாசலில் பூத்திருந்த செடி

தூரத்தில் ‘டும்’. பிறகு கூவல். ஷெல் வருகிறது.

“படு! படு!”

கத்துவது என் கணவர். பதுங்குகுழிக்குள் உருள்கிறேன். மண் கொட்டுகிறது. இடது கை ஈரமாக இருக்கிறது. பார்த்தால் ரத்தம்.

மருந்து இல்லை. ஆஸ்பத்திரியும் இல்லை. அவர் வன்னிக் கிராமத்து ஆள், பச்சிலை தெரிந்தவர். வெளியே ஓடினார். வாயில் எதையோ மென்றுகொண்டு வந்தார். காயத்தில் துப்பி, சேலைக் கிழிசலால் கட்டினார். பச்சை வாடை. எரிந்தது. ரத்தம் நின்றது.

டவுனில் வளர்ந்த எனக்குப் பச்சிலை ஒன்றும் தெரியாது. என்ன இலை என்று கேட்டேன்.

“பேர் கேட்காதை. சொன்னா மருந்து வேலை செய்யாது.”

அவர்கள் ஊர் வழக்கம் அது. காலில் மிதிபட்ட செடியை மருந்துக்குப் பறிக்கவும் மாட்டார்கள். அதனால் தெருவைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத வேலிக்குப் போய்ப் பறிப்பார்.

மறுநாள் காலை. கட்டு மாற்ற வேண்டும். வெளிக்கிட்டார்.

“இஞ்சேருங்கோ, போகாதேங்கோ!”

‘டும்’. கூவல். அவ்வளவுதான்.

கடல் தாண்டி வந்தாயிற்று. இப்போது அபிராமபுரத்தில் ஒற்றை அறை. உலையில் அரிசி போடும்போது கை இன்னும் இரண்டு பேருக்கே போடுகிறது. மிச்சம் காக்கைக்கு. பேச்சுத்துணைக்கும் அதுதான்.

போன வாரம் தெருமுனையில் ஓர் ஆட்டோக்காரர் சறுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. நடைபாதை ஓரத்தில் எதையோ பறித்துக் கசக்கிப் பிழிந்தார். அதே வாடை! கிட்டப் போனேன்.

“அண்ணை, உது என்ன இலை?”

“இன்னாக்கா, இது தெரியாதா? வெட்டுக்காயப் பூண்டு. ரோட்டோரம் பூரா கீது.”

பெயரைச் சொல்லிவிட்டார். அவருக்கு ரத்தம் நின்றுவிட்டது!

குனிந்து பார்த்தேன். நீளக் காம்பு. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை. அந்தப் பூவை எனக்குத் தெரியும். எங்கள் குழி வாசலில், வெட்டிக் குவித்த மண்ணில் நின்றது. எல்லாரும் மிதித்துப் போன செடி. கட்டுப்போட்ட கையோடு படுத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அட பாவி மனுசா, பெயரைச் சொல்லி, இன்ன செடி என்று காட்டியிருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேனே. மிதிபட்டால் என்ன, இது போதும், உள்ளே வாருங்கோ என்று!

கோபம் கோபமாக வருகிறது. யாரிடம் போய்க் கோபிக்க?

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை எங்கள் குழியிலிருந்து போனது ஓர் உயிர். அவர். கை இருக்கிறது. தழும்பு இருக்கிறது. செடி வாசலிலேயே இருந்தது.