பதினாறு ஈயக்குண்டுகள்

மேடைக்கு மகுடமாய் அமர்ந்திருக்கும் தலைவர் ஆராவமுதன் வாத்தியார் அவர்களே! அலைக்கு அசராத எங்கள் குப்பத்துப் பெரியவர்களே! மீனையும் குடும்பத்தையும் ஒரே தலையில் சுமக்கும் தாய்மார்களே! போட்ட மாலைகளில் மூக்கு மட்டும் தெரிய வீற்றிருக்கும் பாப்டிஸ்ட் போதகர் ஆல்வின் ஐயா அவர்களே! வணக்கம்.

நான் வலை பின்னும் பூபாலன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். (யாருப்பா அது, மைக்கை விடச் சொல்றது? விடமாட்டேன்!)

ஐயாவுக்கு முப்பது ஆண்டு ஊழியம்! கருங்குழியிலிருந்து பஸ் ஏறி, கல்பாக்கத்தில் இறங்கி, சுடுமணலில் நடந்து வந்த கால்கள் அவருடையவை! அவர் செய்ததில் ஒன்று சொல்கிறேன்.

புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் பொன்னி. அதன்பின் ஈரமணலைக்கூட மிதிக்காதவள். ஞானஸ்நானம் கேட்டாள். ஐயாவின் சபையிலோ தண்ணீர் தெளிப்பதில்லை. கடலில் முழு உடலும் முழுக வேண்டும்.

"ஒரு கொடம் மொண்டு ஊத்திட்டுப் போ ஐயா, இன்னா பேஜாரு?" என்றேன்.

"அவங்களா வரட்டும் பூபாலா. நான் நின்னுகினு இருக்கேன்."

நின்றார்! ஞாயிறுதோறும், வெள்ளை அங்கியில், இடுப்பளவு நீரில் நின்றார்! ஓராண்டா? ஈராண்டா? மூன்றாண்டு நின்றார்! ஒருத்திக்காக இப்படி நிற்க எவருக்கு வரும்?

அங்கி மட்டும் அலையில் உப்பிக்கொள்ளும். "இன்னா ஐயா, பலூனா?" என்று சீண்டினேன். அது மிதக்காமலிருக்க, விளிம்பில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு நாலு தைத்துத் தரச் சொன்னார். நான் விளையாட்டாக, பெருவலைக்குப் போடும் கனத்த குண்டு பதினாறு தைத்தேன்.

அடுத்த ஞாயிறு பேரலை அடித்தது. ஐயா விழுந்தார். எழவில்லை! நடிக்கிறார் என்று சிரித்து நின்றேன், பாவி நான்! ஓடியது யார்? பொன்னி! புடவையோடு பாய்ந்தாள், அங்கியைப் பற்றினாள், இழுத்து நிமிர்த்தினாள்!

இருமி முடித்த ஐயா அவளையே பார்த்தார்.

"பொன்னிம்மா... கடல்ல நிக்கிறியேம்மா!"

அவள் குனிந்து பார்த்தாள். இடுப்பைச் சுற்றித் தண்ணீர். அங்கியைப் பற்றிய பிடியை விடவில்லை.

"ஆமா ஐயா. நிக்கிறேன். அப்பிடியே முழுக்கிடுங்க."

முழுக்கினார்! எழுந்தாள்! எந்தச் சாமியையும் சட்டென்று கும்பிடாத இந்தக் கை, அன்று தானாகக் குவிந்தது.

ஐயா, உங்களை எழவிடாதது வெறும் அலை என்று நினைத்திருப்பீர்கள்; என் குண்டுகள்தான். பன்னிரண்டு வருடமாக என் தொண்டையில் முள்ளாக இருந்ததை, இத்தனை பேர் முன்னே ஒப்புக்கொள்கிறேன். மன்னியுங்கள்.

(இன்னா ஐயா, சிரிக்கிறீங்க? இன்னாது? "நீ தைச்சுத் தந்த அன்னிக்கே எண்ணிட்டேன், பதினாறு"ன்றீங்களா? அப்புறமும் பிரிக்காம அதையே போட்டுகினு நின்னீங்களா, நைனா?)

தாய்மார்களே, இதோ மைக்கை விட்டுவிடுகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கனத்தைக் கழற்றாத அந்த மனிதருக்கும் என் நன்றி, வணக்கம்!