மூன்றாம் நம்பர் கம்பியூட்டர்

எனக்குத் தட்டச்சு நன்றாக வரும். இருபத்தாறு வருடமாக நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருக்கிறேன். அதனால் பதுளை இன்டர்நெட் கடையில், மூன்றாம் நம்பர் கம்பியூட்டரில், யார் உதவியும் இல்லாமல் நானே தட்டிப் பார்த்தேன். கடைப் பிள்ளை கம்சலா, "ஐசி நம்பரையும் எழுதிடுங்க சேர், பொலிஸ்ல கேப்பாங்க" என்றாள். கடைக் கொப்பியில் பெயரோடு அடையாள அட்டை நம்பரையும் எழுதினேன். ஒழுங்கு என்றால் ஒழுங்குதான். அந்தக் கொப்பியை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் தேடியவற்றை அச்செடுத்து வைத்திருக்கிறீர்கள். 'மண்ணெண்ணெய்த் தீ எவ்வளவு நேரத்தில் பரவும்?' 'தீக்காயத்தில் பிழைக்கும் வாய்ப்பு.' தேடியது சனிக்கிழமை, தொழிலாளர் குடியிருக்கும் லயம் எரிந்தது திங்கட்கிழமை. முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பெரகலச் சந்தியில் தீ வைக்க இரண்டு பேரைக் காசுக்குப் பிடித்ததும், லயத்தில் தொழிலாளி தம்பையா இருக்கும் அறையின் காம்பரா நம்பரைக் கொடுத்ததும் நான்தான் என்று மூன்று தடவையும் சொன்னேன். ஏன் என்று மட்டும் ஒருவரும் கேட்டபாடில்லை.

லயக் கூரைக்குத் தகரம் கேட்டுத் தம்பையா எழுதிய கடிதங்கள் மூன்று வருடம் என் மேசை லாச்சிக்குள் கிடந்தன. தகரம் இல்லாதபோது கடிதத்தைத் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் கொடுத்து என்ன பயன்? அவனோ காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் இருநூறு பேருக்கு முன்னால், "கிளாக்கரையா, ஒரு நாளாச்சும் எங்க லயத்துக்குள்ள வந்திருக்கீங்களா? சப்பாத்து அழுக்காயிருமுன்னு பயமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் கடிதங்களை மறைத்தேன் என்று பெட்டிசன் போட்டான். மாத முடிவில் வேலையையும் பங்களாவையும் விட்டுப் போகும்படி தொரை சொல்லிவிட்டார். பெட்டிசனுக்குச் சாட்சி தம்பையா ஒருவன்தான்; அவன் இல்லாவிட்டால் பெட்டிசனும் நிற்காது.

சனிக்கிழமை காலை, காய்ச்சல் என்று திங்கட்கிழமைக்கும் சேர்த்து அவனுடைய லீவுக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை பெரட்டு நேரத்தில் அவன் மட்டும்தான் லயத்தில் இருப்பான். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவே இல்லை.

காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாதாம். ஒரே கூரையாம், தீ அதன் அடியால் தாண்டிவிட்டதாம். உள்ளே கால் வைக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்துக் காம்பராவில் பெரியாயி ஒன்பது நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள். அவளுடைய பிரசவ லீவில் கையெழுத்து வைத்தவன் நான்தான். அந்தப் படிவத்தில் காம்பரா நம்பர் எழுத இடம் இல்லை.

தம்பையாவைப் பற்றி நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியாயியைப் பற்றியோ அந்தப் பிள்ளையைப் பற்றியோ நான் ஒரு வரிகூடத் தேடவில்லை. வேண்டுமானால் மறுபடியும் அந்தக் கம்பியூட்டரைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள்.