பிரின்ஸ்டனுக்காகப் பேசியவன்

நான் வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. மன்னாரில் படித்த காலத்திலும் விளையாட்டுப் பாடம் வந்தால் வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பிலேயே இருந்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னை ஒரு விளையாட்டு விசயத்துக்காக இங்கே கொண்டுவந்து இருத்தியிருப்பதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

என் பெயர் மடுத்தீன். இருபத்திரண்டு வருடங்களாகப் பாரிஸ் லா சப்பலில் ஒரு சின்னக் கந்தோர் வைத்து, எங்கள் ஆட்களுக்குக் கடிதம் வாசித்து, படிவம் நிரப்பி, ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் கூடப் போய் மொழிபெயர்க்கிறேன். எனக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஆனாலும் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுத அனுமதி கேட்டேன், ஏனென்றால் என் சொந்த விசயத்தைப் பிரெஞ்சில் பேசி எனக்குப் பழக்கமில்லை. லக்ஷனா என்ற பிள்ளை இதை உங்களுக்கு மொழிபெயர்த்துத் தருவார் என்றீர்கள். நல்லது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். டாக்டர் ஒரு கேள்வி கேட்பார். நான் அதைத் தமிழில் சொல்வேன். எங்கள் ஆள் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்ப்பார். "நீங்களே பாத்துச் சொல்லுங்கோ அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே" என்பார். முதல் ஒன்றிரண்டு வருடம் விடாமல் கேட்டு, அவர்கள் சொன்னதை மட்டும் சொன்னேன். பிறகு கேட்கிற வேலையைக் குறைத்துக்கொண்டேன். எது சொன்னால் காரியம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் குறை சொன்னதில்லை. நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்து தருவார்கள்.

பிரின்ஸ்டனும் மன்னார்தான். வயது இருபத்தெட்டு. மனைவி பேர்ளியோடு பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இருந்தார். ஓர் ஐரிஷ் மதுச்சாலையின் குசினியில் அவருக்குச் சமையல் வேலை. அதன் முதலாளி பிராங்க் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கேலிக் உதைபந்தாட்ட அணியைப் பயிற்றுவிப்பவர். அது நாங்கள் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் அடிக்கலாம், தோளோடு தோள் மோதலாம். கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழால் வலைக்குள் போனால் மூன்று. பிரின்ஸ்டன் ஊரில் நல்ல கரப்பந்தாட்டக்காரர். பிராங்க் விளையாட்டுக்கு எறிந்த பந்தை எழும்பி ஒற்றைக் கையால் பிடித்தாராம். அடுத்த ஞாயிறே அணியில் சேர்த்துவிட்டார்கள். அவருக்குப் பிரெஞ்சும் வராது, ஆங்கிலமும் வராது. பிராங்க் சொல்வதைச் சொல்வதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் சந்தோசமாக இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கையில் கடித உறையோடு மட்டுமே என்னிடம் வந்த சனம், இப்போது தெருவில் மறித்து "என்ன அண்ணை, இந்தக் கிழமை மட்ச் எப்பிடி?" என்று கேட்டது. இது பிராந்தியச் சாம்பியன் போட்டி, ஒரு ஆட்டம் தோற்றாலும் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். நாங்கள் தோற்கவில்லை. கால் இறுதி முடிந்ததும் அணியோடு என்னையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் கந்தோர்க் கண்ணாடியில் ஒட்டினேன். எங்கள் பெடியன் ஆடுகிறான் என்று எல்லோருக்கும் சொன்னேன். இறுதி ஆட்டம் பார்க்க ஒரு பஸ் ஒழுங்கு செய்தார்கள். ஐம்பது இடமும் நிரம்பிவிட்டது.

அரை இறுதியில் பந்துக்கு எழும்பியபோது எதிராளியின் முழங்கை பிரின்ஸ்டனின் தலையில் பட்டது. விழுந்து எழும்பி மீதி ஆட்டத்தையும் ஆடினார். வென்றோம். மறுநாள் பேர்ளி போன் எடுத்து, மனுசன் எழும்பாமல் கிடக்கிறார் என்றார். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் இசபெல் பொறுமையான பெண். தலையிடி இருக்கிறதா, வாந்தி எடுத்தாரா, பார்வை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அன்று பிரின்ஸ்டன் வழக்கத்துக்கு மாறாகத் தானே பதில் சொன்னார்.

"ரெண்டு தரம் சத்தி எடுத்தனான் அண்ணை. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். அவர் எதை எழுதினாலும் அது பிராங்க்கிடம் போகும் என்று நான் யோசித்தேன். கொஞ்சம் களைப்பு மட்டும்தானாம் என்று சொன்னேன். அவ்வளவு குறைத்துச் சொல்லியும் அவர் விடவில்லை. மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், ஆடவே கூடாது, திரும்ப வந்து ஸ்கான் எடுத்த பிறகுதான் யோசிக்கலாம், மூளை ஆறும் முன் இன்னொரு அடி பட்டால் ஆளே போய்விடலாம் என்றார். எழுதியும் தந்தார். இறுதி ஆட்டத்துக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

"என்னவாம் அண்ணை?" என்று பிரின்ஸ்டன் கேட்டார்.

"ஒரு கிழமை ஓய்வு எடுக்கட்டாம். பனடோல் போடட்டாம்" என்றேன்.

பிராங்க் கேட்டபோது, டாக்டர் வாயால்தான் சொன்னார், பிரச்சினை இல்லை என்றேன். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. என் கந்தோரில் பிரின்ஸ்டனின் கோப்பில், திகதிப்படி வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். பஸ் நிரம்பியிருந்தது. ஐம்பது பேரிடம் போய் நான் என்ன சொல்வது? அந்தப் பதின்மூன்று நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை. தினமும் போன் எடுத்துச் சுகம் விசாரித்தேன். தலையிடி குறைவு என்று அவர் சொன்ன நாள்களில் டாக்டர்மார் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று ஆறுதல்பட்டேன். குறையவில்லை என்று சொன்ன நாள்களில் மாதாவிடம் மன்றாடினேன். அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை.

இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதி தொடங்கி ஐந்தாவது நிமிடம் அவர் பந்துக்கு எழும்பினார். அதைப் பிடித்தார். பக்கத்தில் வந்தவரின் தோள் கன்னத்தில் பட்டது. பெரிய அடியும் அல்ல. நின்றபடியே மடிந்து விழுந்தார். பஸ்ஸில் வந்த சனம் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டிக்கொண்டிருந்தது. அது ஓய்வதற்குக் கனநேரம் எடுத்தது.

நாலு நாள் மூச்சு மெசினில் வைத்திருந்தார்கள். டாக்டர்கள் சொன்னதைப் பேர்ளிக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். முதல் நாளே நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறுத்துப் பார்க்கட்டாம் என்றேன். அவர் கட்டில் ஓரத்தில் இருந்து புருசனின் காலைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் மெசினை நிற்பாட்டப் போகிறார்கள் என்ற வசனத்தையும் நான்தான் சொன்னேன்.

வெளியே வந்தபோது பேர்ளி கேட்டார்: "அவர் கடைசியா உங்களோடதானே கதைச்சவர் அண்ணை. என்ன சொன்னவர்?"

"உம்மளைப் பற்றித்தான் கதைச்சவர்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அது பொய் அழுகை அல்ல.

உண்மையில் பிரின்ஸ்டன் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இடைவேளையில் புல்லில் குந்தியிருந்தார். முகம் வெளிறியிருந்தது. "அண்ணை, எனக்கு ஏலாமக் கிடக்கு. பந்து ரெண்டாத் தெரியுது. பிராங்கிட்டச் சொல்லுங்கோ, நான் வெளியில நிக்கிறன்" என்றார். நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். பிராங்க் குனிந்து, என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

தன்னை வெளியில் எடுக்க வேண்டாமாம், வெல்லும்வரை ஆடுவாராம் என்று பிராங்க்குக்குச் சொன்னேன்.

பிராங்க் அவர் தோளில் தட்டி, உடம்பு முடியாவிட்டால் ஆட வேண்டாம், கிண்ணம் அடுத்த வருடமும் வரும் என்றார். பிரின்ஸ்டன் என்னைப் பார்த்தார். "வேற ஆளில்லையாம். இன்னும் பத்து நிமிசம் மட்டும் நிக்கட்டாம்" என்று அவருக்குச் சொன்னேன்.

"சரி அண்ணை, நீங்கள் சொன்னாச் சரி" என்று எழும்பிப் போனார்.

இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரேயொரு விண்ணப்பம் மட்டும் இருக்கிறது. வழக்கு நடக்கும்போது பேர்ளிக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படும். அவர் புது ஆட்களோடு பேசக் கூச்சப்படுவார். யாரும் சரிவராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு என்னில்தான் நம்பிக்கை.