விதானத் துணியின் தையல்

காப்பி ஆறுகிறது ஐயா, குடியுங்கள். அதில் லவங்கப்பட்டை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அது என் கைப்பழக்கம். தொப்பியைத் தரையில் வைக்காதீர்கள். அந்த ஆணியில் மாட்டிவிடுங்கள்.

நான் தேள் பிடிக்கிறவள். விஷமுறிவு மருந்து செய்கிறவர்களுக்கு ஜாடி ஜாடியாகக் கொடுத்திருக்கிறேன். இந்தத் துராங்கோ மலையில் எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கின்றன. வாக்குமூலத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேளுக்குக் கண்கள் நிறைய, பார்வை சொற்பம். பூச்சி எந்தப் பக்கம் நடக்கிறது என்பதைத் தரையின் அதிர்வு அதன் கால்களுக்குச் சொல்லிவிடும். வயிற்றுக்கடியில் சீப்பு மாதிரி இரண்டு உறுப்புகள் உண்டு. அவற்றால் தரையைத் தொட்டுத் தொட்டுத்தான் நடக்கும். பெண்தேள் போன தடத்தில் ஒரு வாசம் படிந்திருக்கும். ஆண்தேளின் சீப்பு அதில் பட்டதும் உடம்பே நடுங்கும். அப்புறம் அதற்கு வேறு போக்கு இல்லை, பின்னாலேயே போகும். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு இளகிப்போகும்.

ஒத்திலியா என் தங்கை. அம்மா போனபோது அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. நான்தான் வளர்த்தேன். தேள் ஏறாதபடி அவள் கட்டில் கால்களைக் கண்ணாடி ஜாடிகளில் நிறுத்தினேன். கூரையிலிருந்து விழாதபடி மேலே துணி விதானம் கட்டி, ஓரமெல்லாம் என் கையாலேயே தைத்தேன்.

பௌலினோவைக் கட்டிக்கொண்டாள். அவன் எல்லையோரத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இவளை பஸ் ஏறி வரச் சொன்னான். புறப்படுகிற காலையில் தேள் கொட்டிவிட்டது. தேறி எழுந்து மறுபடி மூட்டை கட்டினாள். மறுபடியும் கொட்டியது. இரண்டு தடவையும் பஸ் போன பிறகு மருந்தகத்தில் ஊசி போட்டார்கள், நானே கஞ்சி ஊட்டினேன்.

"அக்கா, இந்தச் சனியன்களுக்கு என் மேல அப்படி என்ன ஆசை?" மரத்துப்போன நாக்கால் குழறிக்கொண்டே சிரித்தாள்.

"உன் ரத்தம் இனிப்புடீ."

"அப்போ என் புருஷனுக்கு இதுங்களே மேல். அவன் போன்கூடப் பண்ண மாட்டேங்கிறான், இதுங்க வீடு தேடி வருதுங்க."

எங்கள் மருந்தகத்து நர்ஸ் கோர்னேலியா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை கொட்டினா இவ உடம்பு எப்படி எடுத்துக்கும்னு சொல்ல முடியாது, ஹசிந்தா. ஒரு நிமிஷம் தாமதிக்காம இங்க தூக்கிட்டு வந்துடு."

அவள் புறப்படுவதற்கு முந்தின ராத்திரிகளில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்தேளை இடுக்கியில் பிடித்து, அதன் வயிற்றைச் சுவரிலும் உத்தரத்திலும் தலையணைக்கு நேர்மேலே வரைக்கும் தேய்த்துக்கொண்டு போனேன். அங்கே விதானத்தில் ஒரு சாண் தையலைப் பிரித்தேன். காலையில் திரும்பத் தைத்துவிடுவேன். மூன்று தடவையும் அவ்வளவுதான். எந்தத் தேளையும் நான் கட்டிலில் போடவில்லை ஐயா. வந்தவை தம் இஷ்டத்துக்கு வந்தன.

மூன்றாவது தடவை அவள் புறப்பட இருந்த காலையில் கொட்டியபோது, தொண்டை வீங்கிவிட்டது. "அக்கா, கோர்னேலியாகிட்ட..." என்றாள். மருந்தகத்து வாசலில்தான் பஸ் நிற்கும். அந்த நேரம் இஞ்சின் உறுமுவது வீடுவரை கேட்டது. அங்கே தூக்கிப்போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊசி போட்டதும் தெம்பு வரும். டிரைவர் இரக்கக்காரன், பின்சீட்டில் படுக்கவைத்துக் கூட்டிப்போய்விடுவான்.

"பஸ் போகட்டும்டீ, அப்புறம் போகலாம்" என்று அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். என் கையை இறுகப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் இதோ, இன்னும் ஆறவில்லை.

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திருப்பத்தைத் தாண்டியது.

"போயிடுச்சு. கண்ண மூடிக்கோ" என்றேன். எதற்கெடுத்தாலும் என்னை எதிர்த்துப் பேசுகிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் சொன்னபடி கேட்டாள்.