பின்கதவை உடைத்தவர்

பெயர்: கிறிஸ்டினா, வயது 42, கணவர் பெயர் எபினேசர், கதவு எண் 14, தோமையார் தெரு, சிப்காட் பின்புறம், கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

இன்று 13.05.2025 மாலை காவல் நிலையத்தில் ஆஜராகி, விசாரணையில் நான் கூறுவதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் கணவர், மகள் ஜெனிபருடன் குடியிருந்து, அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை செய்து வருகிறேன். பக்கத்து வீட்டில் பரசுராமன் என்பவரும் அவர் மனைவி அஞ்சம்மாளும் வசிக்கிறார்கள். அவர்கள் மாடித் தண்ணீர் எங்கள் சுவரில் விழுவது சம்பந்தமாக என் கணவரும் பரசுராமனும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. ஆண்கள் வேலைக்குப் போன பிறகு நானும் அஞ்சம்மாளும் பின்பக்கமாகப் பேசிக்கொள்வோம். அது என் கணவருக்குத் தெரியாது.

நேற்று 12.05.2025 காலை நாங்கள் மூவரும் ஊட்டிக்குக் கிளம்பினோம். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போவது இதுதான் முதல் முறை. என் கணவர் முந்தின வாரமே நிலையத்தில் பூட்டிய வீடுகள் நோட்டில் எங்கள் முகவரியை எழுதிவைத்தார். அதன் பிறகு, திருடன் பின்பக்கம்தான் வருவான் என்று பின்கதவுக்கு மேலே பேட்டரியிலும் சிம் கார்டிலும் ஓடும் கேமரா மாட்டினார். நேற்றுக் காலை நான் கேஸை மூடி, பால்காரரிடம் ஐந்து நாள் பால் வேண்டாம் என்று சொல்லி, பிரிட்ஜைக் காலி செய்து துடைத்துவைத்தேன்.

எட்டரை மணிக்கு, என் கணவர் வாசலில் ஆட்டோவில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அஞ்சம்மாள் பின்வழியாகப் புளிசாதம் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னும் இன்னா வேல கீது, சொல்லு" என்று கேட்டார். பீரோ இருக்கும் அறையின் ஜன்னலுக்குக் கொக்கி போடச் சொல்லிவிட்டு, ஆட்டோக்காரர் அவசரப்படுத்தியதால் நான் முன்பக்கம் போனேன். அதன் பிறகு என் கணவர் உள்ளே வந்து பின்கதவைத் தாழ்போட்டு, பீரோ அறையைப் பூட்டி, மெயின் சுவிட்சை அணைத்து, கடைசியாகக் கேமராவை ஆன் செய்தார். அஞ்சம்மாளைக் காணாததால் வந்த வழியே போய்விட்டார் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

மாலை நாலரை மணிக்கு ரயில் காட்பாடியைத் தாண்டியபோது ஜெனிபரின் செல்போனில் கேமரா படம் வந்தது. அதில் பரசுராமன் எங்கள் பின்கதவைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். என் கணவர், "பாத்தியா, நாம கெளம்பனவொடனே வேலைய காட்டிட்டான்" என்றார். நான்தான் நிலையத்துக்குப் போன் செய்தேன்.

கால் மணி நேரம் கழித்து ஏட்டு ஒருவர் எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பேசினார். தன் மனைவி உள்ளே இருப்பதாகப் பரசுராமன் சொல்கிறார், பக்கத்துக் கம்பெனி ஜெனரேட்டர் சத்தத்தில் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். "பொய் சொல்றாரு சார், உள்ள யாரும் இல்ல, அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சே கெடையாது" என்றேன். இப்படி நான் சொன்னேன் என்பது உண்மை.

அப்போது பின்னால் பரசுராமனின் குரல் கேட்டது. "ஷிப்ட் முடிஞ்சு வந்தா ஆளு இல்ல சார். போனு ஊட்லயே கீது. காலைல இன்சுலின் போட்டவ, மத்தியானம் துன்னவே இல்ல, சோறு அப்டியே கீது. இது அவ செருப்பு சார், இந்தக் கதவாண்டதான் கெடந்தது" என்றார்.

அஞ்சம்மாள் வந்ததைத்தான் பார்த்தேன், போனதை நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. "ஒடைங்க சார், அவங்க உள்ளதான் இருப்பாங்க" என்றேன். என் கணவர் என்னைப் பார்த்தார். இரண்டு வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதை அவரிடம் சொன்னேன். அவர் போனை வாங்கி, "பீரோ ரூமுக்கும் பூட்டு போட்டுகீறேன் சார், அதையும் ஒடச்சிடுங்க" என்றார்.

போனை வைக்கவில்லை. கதவு விழுந்த சத்தமும், அதன் பிறகு பூட்டை அடிக்கும் சத்தமும் கேட்டன. அதன் பிறகு அஞ்சம்மாள் தண்ணீர் கேட்டது என் காதில் விழுந்தது. ஜெனிபர் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். எதிர் சீட்டிலிருந்த அம்மா, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். "யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று அவரிடம் இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி, பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அஞ்சம்மாள் அங்கிருந்து போனில் என்னிடம் பேசினார். என் கணவர் குரல் கேட்டதும், ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் சண்டை வேண்டாமென்று பீரோவின் மறைவில் நின்றிருக்கிறார். பூட்டும் சத்தம் கேட்டும், நான் வந்து திறப்பேன் என்று பேசாமல் இருந்திருக்கிறார். ஆட்டோ போன பிறகு ஜன்னலைத் திறந்து கத்தியிருக்கிறார். அந்த ஜன்னலுக்கு எதிரே கம்பெனி மதில் சுவர் மட்டுமே இருப்பதால் யாருக்கும் கேட்கவில்லை.

நாங்கள் ஜோலார்பேட்டையில் இறங்கி, இரவு ரயில் பிடித்து, இன்று காலை ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். உடைந்த பின்கதவு சுவரில் சாத்தியிருந்தது. வாசலை மறித்துப் பெஞ்சு போட்டு, பரசுராமன் அதில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் அஞ்சம்மாளுக்குத் துணையாகத் தன் தங்கையை வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். "கதவ ஒடச்சது நானு. நீங்க வர்ற வரிக்கும் நான்தான பாத்துக்கணும்" என்றார். என் கணவர், "வா பரசு, டீ சாப்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். நான் பின்னால் ஆட்டோவில் போனேன்.

அஞ்சம்மாள் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா கிறிஸ்டினா, அதுக்குள்ள ஊட்டிய சுத்திட்டு வந்துட்டியா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை விடவில்லை. அவர் இடது கையால் சாப்பிட்டார்.

வீட்டில் எந்தப் பொருளும் காணாமல் போகவில்லை. பரசுராமன் மீது எனக்குப் புகார் ஏதுமில்லை. நான் போனில் கொடுத்த தகவலைத் தவறுதல் என்று முடித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, சொன்னது யாவும் உண்மை.

(ஒப்பம்) கிறிஸ்டினா