சொற்களை எழுந்து நடக்க வைத்த கலையரசி அம்மையாருக்கு

ஆங்கிலம் என்றால் அஞ்சி ஒளிந்த அரும்புகளை அன்பால் அழைத்து அமர்த்திய அறிவுச் செல்வியே! திண்டிவனத்துப் பேருந்து தாமதித்தாலும் தாம் தாமதிக்காத தகைமையே! பிழை கண்டால் பொங்காமல், பிழைத்த பிள்ளையின் பக்கம் அமர்ந்து திருத்தும் பெருந்தகையே! வணக்கம்.

இந்த விளிகளை நேற்றே உங்களிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே, "எல்லாம் சொற்றொடராவே நிக்குது சார், ஒரு வினைமுற்றாவது வைங்க" என்று தாளின் ஓரத்தில் எழுதித் தந்தீர்கள். தமிழாசிரியன் சீனுவாசனுக்கே இலக்கணமா? சரி, தலைவணங்கி வைக்கிறேன்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையை விட்டு, நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளுக்குள் ஒதுங்கி நிற்கும் இந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றினீர்கள். காலாண்டுத் தேர்வில் வெற்றுத்தாள் கொடுத்த பிள்ளையையும் 'வெறும்பயல்' என்று சொல்ல எங்களை விடவில்லை. ஆசிரியர் அறையில் வம்பு வளர்ந்தால் எழுந்து போய்த் தண்ணீர்ப் பானையை நிரப்பினீர்கள். வம்பு வளர்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இந்த அவை அறியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் குரல்நாணில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரமே பேசலாம், மீறினால் உள்ள குரலும் போய்விடும் என்றார் புதுச்சேரி மருத்துவர். பேசாத ஆசிரியை எதற்கு என்று விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கத் துணிந்தீர்கள். பத்தாம் வகுப்புக்கு வேறு ஆங்கில ஆசிரியரும் இல்லை. நாங்கள் கலங்கிப் போனோம்.

அப்போது நம் தலைமையாசிரியர் முருகையன் ஐயா ஒரு வழி கண்டார். "நீங்க கத்தவே வேணாம் டீச்சர். மெதுவா பேசுங்க போதும், மைக் செட்டு சொல்லிக்கீறேன்" என்றார். நல்ல மனம்தான். ஆனால் வந்தவர் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் தம்பி ரஞ்சித். வகுப்பறைக்குள் வைக்க வேண்டியதை வேப்பமரத்து உச்சியில் கட்டிவிட்டார். கேட்டதற்கு, "கண்ணாலம், காதுகுத்து எல்லாத்துக்கும் மரத்துலதான் சார் கட்டுவேன்" என்றார். அன்று உங்கள் பாடம் சொற்றொடர் வகைகள். பக்கத்து அறையில் கணக்குப் பாடம் படித்த எட்டாம் வகுப்பு, நீங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் கூடிப் பதில் சொன்னது. ஊரே ஆங்கிலம் கேட்டது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மாலையில், ஒரு மாணவியின் தாய் முனியம்மாள் கொல்லையிலிருந்து நேரே வந்தார். "மல்லாட்டை ஆய்ஞ்சிக்கினு இருந்தோம் சார். டீச்சரம்மா கொரலு காடு பூரா கேட்டுச்சி. ஒடஞ்சி ஒடஞ்சி வருது. அந்தம்மாவ ஏன் சார் இப்பிடி வதைச்சிக்கினு இருக்கீங்க?" என்றார். எங்கள் சிரிப்பு அத்தோடு நின்றது. ஒலிபெருக்கி இறங்கியது.

மறுநாள் நீங்கள் பேசவில்லை. ஆளுக்கொரு சொல்லை அட்டையில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து வகுப்பின் முன்னே நிறுத்தினீர்கள். 'தி, ஓல்ட், கிரீன், பஸ்' என்று நால்வர் கைகோத்து நின்றார்கள். 'ஓல்ட்' அமர்ந்தாள், பொருள் குலையாமல் நின்றது. 'கிரீன்' அமர்ந்தான், அப்போதும் நின்றது. 'பஸ்' அமர்ந்ததும் எஞ்சிய 'தி' விழித்த விழிப்பில், பெயர்ச் சொற்றொடருக்குத் தலைச்சொல் எது என்று வகுப்பே கண்டுகொண்டது.

அடுத்து 'பிஹைண்ட் தி டேங்க்' என்ற மூவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், 'பாய்' என்ற மாணவன் அருகே நிறுத்தினீர்கள். தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பையன் என்று, எந்தப் பையன் என்பதை அது சொல்லிற்று. அதே மூவரை 'கிரையிங்' என்பவளுக்கு அடுத்து நிறுத்தினீர்கள். பையன் எங்கே அழுகிறான் என்பதைச் சொல்லிற்று. 'பிஹைண்ட்' போன்ற முன்னிடைச்சொல்லில் தொடங்கும் அதே தொடர், நிற்கும் இடத்துக்கு ஏற்பப் பெயருக்கும் அடையாகும், வினைக்கும் அடையாகும். நான் மேடை மேடையாய் முழங்கியும் விளங்க வைக்க முடியாததை நீங்கள் வாய் திறவாமல் விளக்கினீர்கள். சன்னலருகே நின்று பார்த்த எனக்குப் பொறாமையாக இருந்தது.

மருத்துவர் அனுமதித்த அந்தக் கொஞ்சக் குரலை எதற்கு வைத்திருந்தீர்கள் என்பதும் தெரியும். சரியாக நின்ற பிள்ளையைப் பெயர் சொல்லிப் பாராட்ட. அந்த ஆண்டு ஆங்கிலத்தில் தவறியோர் குறைந்தார்கள். எல்லாரும் தேறினார்கள் என்று எழுதினால் நீங்களே சிவப்பு மையை எடுப்பீர்கள். விருப்ப ஓய்வுப் பேச்சை நீங்கள் மீண்டும் எடுக்கவில்லை. ஓய்வு பெறும் வயது நிறைந்து, முறையாக இன்று விடைபெறுகிறீர்கள்.

அம்மையீர்! இவ்விழாவுக்கு அழைக்க உங்கள் இல்லம் வந்தபோது நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவர் சுப்பராயலு ஐயாதான் காபி கொடுத்தார். "ஊட்டுல அவங்க பேசியே ரெண்டு வருசம் ஆவுது சார். இருக்கிற கொஞ்சம் கொரலையும் பத்தாங் கிளாசுலயே உட்டுட்டு வந்துடறாங்க. நான் டிவியப் போட்டுக்கினு குந்திக்கினு இருப்பேன். தப்பு சொல்லல சார், பசங்க படிக்கணும் இல்ல" என்றார். நாங்கள் பாராட்டிய உழைப்புக்கு விலை கொடுத்தவர் ஒருவர் திண்டிவனத்தில் வாய் திறவாமல் இருந்திருக்கிறார். ஐயா, எங்களை மன்னியுங்கள்.

ஆகவே, விடைபெறுவோர் வழங்கும் ஏற்புரையை இன்றைய நிகழ்ச்சியிலிருந்து நாங்களே எடுத்துவிட்டோம். வழக்கம்போல் மாலை சூட்டி, வேனில் ஏற்றி, அனைவரும் உங்கள் இருவரையும் வீடுவரை கொண்டுவிடுவோம். வழியில் எவரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். உள்ளே அழைத்தாலும் வர மாட்டோம்.

நோய் நொடி அண்டாமல், நெஞ்சில் நிறைவு குன்றாமல், நெடுங்காலம் இருவரும் இணைந்து வாழ்க! இன்று காலையிலிருந்து நீங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. இன்றைக்கு உரிய அந்தக் கொஞ்சக் குரல் முழுவதும் அப்படியே இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டு போங்கள் அம்மா, ஐயா அதைக் கேட்கக் காத்திருக்கிறார்.

என்றும் அன்புடன்,
தலைமையாசிரியர், ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், சத்துணவுப் பணியாளர்கள்