இருபத்துமூன்று மில்லிமீட்டர்

செவ்வாய்க்கிழமை என்றால் எங்களுக்கு மதியச் சாப்பாடு நோர்மா கடையில்தான். அன்றைக்கு அவள் பன்றி இறைச்சியைத் தட்டையாக அடித்துப் பொரித்து, ரொட்டிக்கு வெளியே நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துத் தருவாள். அதைச் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் வெல்டன் கல்லூரியின் கூடைப்பந்து அணியைப் பற்றி மட்டுமே பேசுவோம்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், அதிகாரி அம்மா. ஆனால் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். முதல் என்பது அந்த மேசைதான்.

மேசைக்கு மூன்று பேர். டிராக்டர் பாகம் விற்கும் மெர்ல் யோடர். அணியின் பேருந்தை ஓட்டும் ஜூன் கௌஸ். அப்புறம் நான், லோவெல் ஹாஸ். மருத்துவமனையில் முப்பத்தொரு வருடமாக இதய ஸ்கேன் எடுக்கிறவன். இந்த முப்பத்தொரு வருடத்தில் எங்கள் ஊரில் நடந்த ஆட்டங்களில் ஒன்பதைத்தான் தவறவிட்டிருக்கிறேன். அதில் இரண்டு, என் தகப்பனாரின் சாவும் அடக்கமும்.

எங்கள் கல்லூரி சின்னது. அறுபத்தெட்டு அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு நாங்கள் ஒரு தடவைகூடப் போனதில்லை. எங்கள் வட்டாரப் போட்டியில் முதலாவதாக வந்தால்தான் அதற்கு வழி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வட்டார இறுதியாட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். நான் பத்து நாள் வாய் திறக்கவில்லை. என் மனைவி கானி தன் தங்கை வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. வேறு காரணங்களும் இருந்தன என்று அவள் சொல்வாள். அவளையும் கேளுங்கள்.

இப்போதெல்லாம் தோல்வியைவிடக் கேவலமான ஒன்று வந்திருக்கிறது. நாம் ஒரு பையனைத் தேடிப் பிடித்து, பழக்கி, ஆளாக்கி வைத்திருப்போம். வசந்தம் வந்ததும் பெரிய பல்கலைக்கழகத்துக்காரன் பணத்தைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். போன ஏப்ரலில் எங்கள் முதல் ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே வாரத்தில் போனார்கள். ஒருவன்கூட மேசைக்கு வந்து போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

"நாம என்ன அணியா வச்சிருக்கோம்? நாத்தங்கால் வச்சிருக்கோம்" என்றார் மெர்ல். "வளந்ததும் புடுங்கிட்டுப் போறானுங்க."

"போறவன விடுய்யா" என்றாள் ஜூன். "அந்தப் பயிற்சியாளர் ஸ்டாம்பர் இருக்காரே, அவரு வருஷா வருஷம் ஆள் புடிக்கப் போறேன்னு போயி யாரப் புடிக்கிறாரு? போன தடவ வந்தானே ஒரு நெட்டை, அவன் பந்தப் புடிக்கிறதுக்குள்ள நான் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துருவேன்."

"தாயே, நீ பஸ்ஸை மட்டும் ஓட்டு. ஆள் புடிக்கிறத அவரு பாத்துக்கட்டும்."

"அவரு பாத்த லட்சணந்தான் பதினோரு ஆட்டம் தோத்தோம்."

இப்படித்தான் பேசுவோம். சிரிப்போம். ஆனால் நான் சிரித்துக்கொண்டே எத்தனை வருடம் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. மெர்லுக்கு அது பொழுதுபோக்கு. ஜூனுக்கு அது பிழைப்பு. எனக்கு அப்படியில்லை.

இந்த வருடம் டாரியஸ் பிக்கெட் வந்தான். கேரி நகரத்துப் பையன், இருபது வயது, ஆறடி எட்டு அங்குலம். பெரிய இடத்தார் யாரும் அவனைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் பள்ளியில் கடைசி வருடம் கை ஒடிந்து உட்கார்ந்திருந்தான். ஸ்டாம்பர் செய்த ஒரே உருப்படியான காரியம் அவனைக் கண்டுபிடித்தது. நவம்பரில் அவன் ஆடிய முதல் ஆட்டத்தில், வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துகளில் பத்தொன்பதைப் பிடித்தான். பக்கத்திலிருந்த மெர்ல் என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். இவனையும் ஏப்ரலில் கொண்டுபோய்விடுவார்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆகவே இந்த ஒரு வருடந்தான்.

பிப்ரவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜூன் முகம் சரியில்லாமல் வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ள நேத்து பயிற்சியில சுருண்டு விழுந்துட்டானாம்."

"எந்தப் பிள்ள?" என்றார் மெர்ல்.

"எந்தப் பிள்ளயா? டாரியஸ்தான். தண்ணி குடிக்காததுனாலன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. போன வாரம் பஸ் படியில ஏறும்போதே நெஞ்சப் புடிச்சிட்டு நின்னான். என்னடான்னு கேட்டா, ஒண்ணுமில்ல ஜூனம்மான்னு சிரிக்கிறான். லோவெல், உன்கிட்டதான் ஸ்கேனுக்கு அனுப்பப் போறாங்களாம். நல்லாப் பாரு."

"பாக்குறேன்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். வெள்ளிக்கிழமை எவன்ஸ்வில் நகரத்தில் வட்டாரப் போட்டி தொடங்குகிறது. மேசையில் படுத்தபோது கால் வெளியே நீண்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மார்பில் ஜெல்லைத் தடவியதும், "சில்லுனு இருக்கு சார்" என்றான். அதன் பிறகு என் சட்டையில் குத்தியிருந்த அணியின் நாரைச் சின்னத்தைப் பார்த்துவிட்டான்.

"சார், நீங்க நாலாவது வரிசைல உக்காருவீங்கல்ல? எந்திரிக்கவே மாட்டீங்களே. எல்லாரும் குதிப்பாங்க, நீங்க மட்டும் உக்காந்தே இருப்பீங்க."

என்னைக் கவனித்திருக்கிறான். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரையில் பார்த்தேன். இதயத்தின் இரண்டு பெரிய அறைகளுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. சாதாரணமாகப் பத்து மில்லிமீட்டர் இருக்கும். விளையாட்டுக்காரர்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. அவனுக்கு இருபத்துமூன்று. மூன்று கோணத்தில் அளந்தேன். மூன்றிலும் அதேதான். அதன் பெயரை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கோப்பில் இருக்கும். அந்த மாதிரி இதயத்தோடு ஓடினால் எந்த நிமிடமும் நிற்கலாம். நிற்காமல் அறுபது வயது வரைக்கும்கூடப் போகலாம்.

"வெள்ளிக்கிழம ஆட முடியும்ல சார்?" என்று கேட்டான்.

"ஏன் முடியாது?" என்றேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு என் கையைக் குலுக்கிவிட்டுப் போனான்.

படத்தைப் பார்த்து முடிவு எழுதுவது டாக்டர் பெட்ரஸ்கா. அந்த அம்மாள் வேறு ஊரில் இருந்தபடியே செவ்வாயன்று திரையில் பார்த்துக் கையெழுத்திடுவார். அவர் அந்தச் சுவரைப் பார்த்தால் அன்றைக்கே டாரியஸின் ஆட்டம் முடிந்தது. வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, ஆயுளுக்கும். இருபது வயதுப் பையனிடம் போய், இனி நீ பந்தைத் தொடக்கூடாது என்று யார் சொல்வது? அந்த வாரத்தில் அவனுக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபரில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஸ்கேன் எடுத்திருந்தேன். டாரியஸ் அன்று வரவில்லை, பல் வலி. கேலப் ரீஸ் என்று ஒரு மாற்று ஆட்டக்காரன், ஏறக்குறைய அதே உயரம். அவனுடைய படங்களை எடுத்தேன். பெயரையும் தேதியையும் மாற்றினேன். ஆறு நிமிடம் ஆனது. டாரியஸின் படங்களை அழித்தேன்.

போட்டி முடிந்ததும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். சொல்வதாக இருந்தவர் ஏன் அழித்தீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இரவெல்லாம் அதற்குப் பதில் யோசித்தேன். மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தால் அதே சுவர்தானே தெரியப்போகிறது. சுவர் எங்கும் போய்விடாது.

செவ்வாய்க்கிழமை நோர்மா கடையில் ஜூன் கேட்டாள். "பாத்தியா? எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"சத்தியமா?"

"டாக்டரே கையெழுத்துப் போட்டாச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெர்லின் தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றாள். "அப்ப இந்த வருஷம் நாமதான்யா" என்றாள். "முத ஆட்டம் சுலபம். ரெண்டாவது கொஞ்சம் இழுக்கும். இறுதியில மார்லோ கல்லூரிக்காரன் வந்தா டாரியஸ அவனுங்களால தடுக்க முடியாது."

"தடுக்கணும்னா ஏணி வேணும்" என்றார் மெர்ல்.

அவள் சொன்ன மாதிரியே நடந்தது. வெள்ளிக்கிழமை சுலபமாக வென்றோம். சனிக்கிழமை இழுத்து வென்றோம். அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் டாரியஸ் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றதைப் பார்த்தேன். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நான் புள்ளிப் பலகையைப் பார்த்தேன். ஐந்து புள்ளி முன்னே இருந்தோம், நாலு நிமிடம் மீதி. மறுபடி திரும்பியபோது அவன் நிமிர்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்துக்கு அவன் தாய் லவெர்ன் பிக்கெட் வந்திருந்தார். கேரியில் ஒரு துணி வெளுக்கும் ஆலையில் வேலை. மூன்று பேருந்து மாறி வந்தாராம். ஜூன்தான் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நீங்கதான் என் பிள்ளையோட இதயத்தப் பாத்தவரா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"நல்லா இருக்கில்ல?"

"பெரிய இதயம்மா" என்றேன்.

அவர் என்னைக் கட்டிக்கொண்டார். கவனியுங்கள், அந்த அம்மாளிடம் நான் பொய் சொல்லவில்லை.

மார்லோவை ஒன்பது புள்ளியில் வென்றோம். நான் எழுந்து நின்றேன். வென்றவர்கள் வழக்கப்படி டாரியஸ் ஏணியில் ஏறி வளையத்தின் வலையை வெட்டியபோது நாலாவது வரிசையைத் தேடிப் பார்த்து, என்னைக் கையால் சுட்டிக்காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவனுக்கு யார் கொடுத்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அன்று சாயங்காலமே தேசியப் போட்டிக்கான பட்டியல் வந்தது. நோர்மா கடையில் பாதி ஊர் நின்றது. எங்கள் பிரிவின் பதினாறு இடங்களில் எங்களுக்குப் பதினாலாம் இடம். வெள்ளிக்கிழமை பிட்ஸ்பர்க்கில், அதே பிரிவில் மூன்றாம் இடத்தில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். போன ஏப்ரலில் எங்களிடமிருந்து ஒருவனைக் கொத்திக்கொண்டு போன அதே பல்கலைக்கழகம். மெர்ல் அந்தப் பெயர் வந்ததும் தொப்பியைக் கழற்றி மேசையில் அறைந்தார். "வாங்கடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லக்கூடாது என்று நான் முடிவெடுத்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பயிற்சியில் டாரியஸ் விழுந்தான். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். பிணப் பரிசோதனையில் சுவரை அளந்தார்கள். டாக்டர் பெட்ரஸ்கா கையெழுத்திட்ட அறிக்கையில் பத்து மில்லிமீட்டர் என்று இருந்தது. அந்த அம்மாளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மருத்துவமனை வாசலில் நின்று ஊரே வைதது. மூன்று வாரம் நான் பேசாமல் இருந்தேன். நானாக வந்து ஒப்புக்கொண்டதாக எழுத வேண்டாம், அது சரியாக இருக்காது. இரண்டு பேருடைய இதயம் துடிப்புக்குத் துடிப்பு ஒரே மாதிரி இருக்காது, ஆனால் டாரியஸ் பெயரில் இருந்த படமும் கேலபின் அக்டோபர் படமும் அப்படி இருக்கின்றன என்று அந்த டாக்டர்தான் உட்கார்ந்து கண்டுபிடித்தார். கெட்டிக்கார அம்மாள்.

நீங்கள் என் ஸ்கேன் இயந்திரத்தை எடுத்துப்போன மறுநாள் காலை ஜூன் என் வீட்டுக்கு வந்தாள். வாசற்படிக்கு மேல் ஏறவில்லை.

"நான் உன்கிட்ட கேட்டேனா இல்லையா?"

"கேட்டே."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்குன்னேன்."

"ரொட்டிய மென்னுக்கிட்டே சொன்னடா. மென்னுக்கிட்டே." அவள் குரல் உயரவில்லை. "எவிடென்ஸ் கிவிடென்ஸ் எல்லாம் போலீஸ் பாத்துக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவன எவன்ஸ்வில்லுக்கு என் பஸ்ல நாந்தான் கூட்டிட்டுப் போனேன். மூணு நாளு. என் கையாலயே அவனக் கொண்டுபோயி விட வச்சிட்டியே, அது உனக்கு உறைக்குதா?"

"நாம ஜெயிச்சோம், ஜூன்" என்றேன்.

அவள் என் முகத்தில் துப்பிவிட்டுப் போனாள். முப்பது வருடச் சிநேகம். நான் துடைத்துக்கொண்டேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டாரியஸ் செத்த மறுநாள் பயிற்சியாளர் ஸ்டாம்பர் ஆட்டக்காரர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, பிட்ஸ்பர்க் போவதா வேண்டாமா என்று வாக்கெடுத்தார். பதினொரு பேர். ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். கேலப் ரீஸும் அதில் ஒருவன். எங்களிடம் தோற்ற மார்லோ கல்லூரியை எங்கள் இடத்தில் அனுப்பினார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். எங்கள் நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

படத்தை மாற்றியது நான்தான். தெரிந்தேதான் மாற்றினேன். அவன் செத்துப்போகலாம் என்பதும் தெரியும். மூன்று கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். ஆனால் அந்தப் பையன் உயிரைக் கொடுத்து வாங்கிய இடத்தை, ஒரு பிற்பகலில் கையைத் தூக்கி வேண்டாம் என்று சொன்னார்களே ஒன்பது பேர், அவர்களில் ஒருவனையாவது கூப்பிட்டு விசாரித்தீர்களா?